‘கொண்டுவந்தனர்’, ‘எழுதுவித்தனர்’: அலுவிகாரை தரும் இரு வினைச்சொற்கள்

1

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணாக்கருக்கு அருஞ்சொற்கள் அத்துணை இடர் விளைப்பதில்லை. நோய்களின் பெயர்களுக்கும் கருவிகளின் பெயர்களுக்கும் ஒன்றுக்கு ஒன்றாக நிகர் காட்டிவிடலாம். இடர் விளைப்பவை நாள்தோறும் வழங்கும் எளிய வினைச்சொற்களே. ஸ்பானிய மொழியிலுள்ள ‘யெவார்’ என்னும் வினை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதற்கு அகராதி முதலிற் கூறும் பொருள் ‘கொண்டு செல்லுதல்’ என்பதாகும். ஆயின், ஒருவர் தொப்பி அணிந்திருக்கிறார் என்னும்போதும் ஸ்பானியர் இவ்வினையையே ஆள்வர். இப்பாதை கடற்கரைக்கு இட்டுச் செல்கிறது என்னும்போதும், ஒருவர் மூன்றாண்டுகளாக ஒரு மொழியைக் கற்று வருகிறார் என்னும்போதும் இதே வினை வந்து நிற்கும். இதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘லெவாரே’. பாரத்தைத் தூக்குதல், பாரத்தை இலேசாக்குதல் என்பன அதன் பொருள்கள். கையாற் சுமந்ததைக் குறித்த சொல் உடலில் தரித்ததைக் குறித்து, வழியைக் குறித்து, ஈற்றில் கழிந்த காலத்தையும் குறிக்கலாயிற்று.

தமிழ் கற்கும் ஸ்பானியருக்கும் இத்தகைய இடர் உண்டு. ‘கற்று வருகிறார்’ என்னும் தொடரில் யாரும் எங்கிருந்தும் வருவதில்லை. ‘வா’ என்னும் வினை இடப்பெயர்ச்சியை விடுத்து, இடையறாது தொடர்தலை உணர்த்தும் துணைவினையாகிவிட்டது. இவ்வாறு தொடர்பற்ற இரு மொழிகள், காலத்தின் தொடர்ச்சியைச் சொல்வதற்கு, இடப்பெயர்ச்சியைக் குறிக்கும் வினைகளையே நாடியுள்ளன. ஒரு வினையின் பொருளை அகராதியிற் கண்டவிடத்து அதன் கல்வி முற்றுப் பெறுவதில்லை. அதன் எழுவாய் யார், செயல் எத்திசை நோக்கியது, செயலைச் செய்தவர் யார், செய்வித்தவர் யார் என்பனவற்றை வழக்கிலிருந்து உணர்ந்த பின்னரே அவ்வினை நமக்கு உரியதாகிறது.

மொழி கற்போருக்கு உரிய இவ்வினாக்கள் வரலாறு கற்போருக்கும் உரியன என்பதே நமது கருத்து. அதனை நிறுவுதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் மாத்தளை மாவட்டத்திலுள்ள அலுவிகாரை. அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு பெருநிகழ்ச்சியைப் பாளி நூல்கள் இரண்டே செய்யுட்களில் சொல்லி முடித்துவிடுகின்றன. அச்செய்யுட்களின் பாரத்தைத் தாங்கி நிற்பவை இரு வினைமுற்றுக்கள். அவ்விரண்டையும் இங்கு உற்று நோக்க முற்படுகின்றோம்.

2

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வடக்கே, சாலையோரத்தில் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளிலும் அடிவாரங்களிலும் அமைந்த குகைகளே அலுவிகாரை. பாளியில் இதனை ஆலோக விகாரை, அதாவது ஒளி விகாரை என்பர். பௌத்தத் திருமுறைகளாகிய திரிபிடகமும் அவற்றின் உரையும் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது மரபு. காலம், வட்டகாமணி அபயன் ஆட்சி. இம்மன்னன் கி.மு. 103 இல் அரியணையேறிச் சில மாதங்களில் அதனை இழந்தான். புலகத்தன், பாகியன், பணயமாறன், பிலயமாறன், தாதிகன் எனும் தமிழர் ஐவர் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அநுராதபுரத்திலிருந்து ஆண்டனர். கி.மு. 89 இல் வட்டகாமணி ஆட்சியை மீட்டு கி.மு. 77 வரை அரசு செலுத்தினான்.

திரிபிடகம் எழுதப்பெற்ற செய்தி தீபவம்சத்திலும் மகாவம்சத்திலும் ஒரே வடிவில் இடம்பெறுகின்றது. முன்னைய பேரறிவுடைய பிக்குகள் திரிபிடகப் பாடத்தையும் அதன் உரையையும் வாய்ப்பாடமாகக் கொண்டுவந்தனர் என்றும், உயிர்களுக்கு நேர்ந்த நலிவைக் கண்ட அக்காலப் பிக்குகள் ஒன்றுகூடி, தருமம் நெடுங்காலம் நிலைத்தற்பொருட்டு அவற்றை ஏடுகளில் எழுதுவித்தனர் என்றும் அச்செய்யுட்கள் கூறுகின்றன. இதற்கு மேல் அவை எதுவும் கூறவில்லை. இடத்தின் பெயர்கூட அவற்றில் இல்லை. மாத்தளைப் பகுதியையும் அலுவிகாரையையும் பெயர் சுட்டிச் சொல்பவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாயசங்கிரகய போன்ற பிற்காலச் சிங்கள நூல்களே. எனவே முற்பட்ட சான்றாக நமக்குக் கிடைப்பவை அவ்விரு செய்யுட்களும் அவற்றின் வினைமுற்றுக்களாகிய ‘ஆனேசும்’, ‘லிகாபயும்’ என்பனவுமே.

3

‘ஆனேசும்’ என்பது ‘நீ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. இவ்வடிக்கு இட்டுச் செல்லுதல், கொண்டு செல்லுதல் என்பன பொருள். ஸ்பானிய ‘யெவார்’ போன்று வழிநடத்துதலையும் சுமத்தலையும் ஒருங்கே உணர்த்துவது அது. ‘ஆ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்ததும் செயலின் திசை மாறி, ‘கொண்டு வருதல்’ என்றாகிறது. திசையை இவ்வாறு வினையிலேயே பதித்து வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. தரல், வரல் என்பன தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செலவு, கொடை என்பன படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுத்துள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஸ்பானியரும் கொண்டு செல்லுதலுக்கு ‘யெவார்’ என்றும் கொண்டு வருதலுக்கு ‘த்ராயெர்’ என்றும் வேறுபடுத்தி வழங்குவர்.

பாளி ஆசிரியர் ‘கொண்டு சென்றனர்’ என்னாது ‘கொண்டு வந்தனர்’ என்றமையால் அவர் நிற்கும் இடம் புலனாகின்றது. அவர் பெற்றுக்கொள்பவரின் பக்கத்தில் நிற்கிறார். தலைமுறைகள் சுமந்து வந்து கையளித்த ஒன்றை ஏற்றுக்கொண்ட ஒருவரின் நன்றியுணர்வு அச்சொல்லின் முன்னொட்டிலே தங்கியிருக்கிறது.

சுமந்தவர் யாவர்? பாணகர் எனப்பட்ட ஓதுவோர். நெடும் பேருரைகளின் தொகுதியாகிய தீக நிகாயத்தை ஓதுவோர் தீக பாணகர். நடுத்தர அளவின ஆகிய பேருரைகளை ஓதுவோர் மஜ்ஜிம பாணகர். ஏனைய தொகுதிகளுக்கும் இவ்வாறே தனித்தனிக் குழுவினர் இருந்தனர். ஒரு மனிதனின் நினைவு தாங்கக்கூடிய அளவுக்கு நூற்பரப்பைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு தொழிற் பகுப்பு இது. ‘வாய்ப்பாடம்’ என்று நாம் மேலே தந்தது பாளியின் ‘முகபாட’ என்பதாகும். சிங்களத்தில் இன்றும் மனனஞ் செய்தலைக் ‘கட்டபாடம்’ என்பர். ‘கட்ட’ என்பது வாய். தமிழில் வாய்ப்பாடம் என்னும் சொல் உண்டு; பெருக்கல் அட்டவணைக்கு வாய்பாடு என்ற பெயரும் உண்டு. வேதத்தை ‘எழுதாக்கிளவி’ என்று குறித்ததும் தமிழ் மரபே. ஏடும் அச்சும் வந்து நெடுங்காலமான பின்னும், கல்வி வாயில் இருந்த காலத்தை இச்சொற்கள் மறக்கவில்லை.

ஆயின் வாயாற் கொண்டு வருவதற்கு வாயுடைய உடல் வேண்டும். உடலுக்குச் சோறு வேண்டும். வட்டகாமணியின் காலத்தில், உரோகணத்தில் பிராமணதிஸ்ஸன் என்பவன் கிளர்ச்சி செய்தான். அதனோடு பெரும் பஞ்சமும் வந்தது. பாளி உரைநூல்கள் இப்பஞ்சத்தைப் பற்றிப் பேசும் பகுதிகள் உருக்கமானவை. கடல் கடந்து செல்ல எண்ணிப் புறப்பட்ட பிக்குகளுள் அறுபதின்மர், செல்லாது திரும்பித் தென்மலைப் பகுதியில் இலையும் கிழங்கும் உண்டு உயிர் தாங்கினர். இருக்க இயன்றபோது இருந்தபடி ஓதினர். இருக்கவும் இயலாதபோது மணலைக் குவித்து, அதன்மேல் தலைகளைச் சாய்த்துக்கொண்டு ஓதினர். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு பாடம் தவறாது காத்தனர் என்கிறது அங்குத்தர நிகாய உரை. தமிழில் ‘ஓதி வந்தனர்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் தொடருக்குள் அடங்கிய பசியின் அளவு இது.

விநய உரையாகிய சமந்தபாசாதிகா மற்றொரு செய்தியைத் தருகின்றது. அப்பேரச்சக் காலத்தில் மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவாகவே எஞ்சினார். அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் சென்று கற்பதற்கு நல்லோர் தயங்கினர். தயக்கத்தை விடுத்துக் கற்றிராவிடின் அந்நூல் அவரோடு அழிந்திருக்கும். ஒரு நூலின் உயிர் ஒருவரின் மூச்சிலே தொங்கிய நிலைமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. உயிர்களின் நலிவு என்று செய்யுள் சுருங்கக் கூறியதன் பொருளும் இத்தகைய செய்திகளிலிருந்தே நமக்கு விளங்குகின்றது.

4

இனி இரண்டாவது வினைக்கு வருவோம். ‘லிகாபயும்’ என்பது ‘லிக்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. அதன் முதற்பொருள் கீறுதல், சுரண்டுதல் என்பதே. எழுதுதல் என்பது வழிவந்த பொருள். ஸ்பானியர் எழுதுதலைக் குறிக்கும் ‘எஸ்கிரிபீர்’ என்னும் சொல்லின் மூலமாகிய இலத்தீன் வினையும் கீறுதற் பொருளிலேயே தொடங்கியது. தமிழின் ‘எழுது’ வேறு திசையிலிருந்து வந்தது போலும். கண்ணுக்கு மை எழுதுதல், தொய்யில் எழுதுதல், சுவரில் ஓவியம் எழுதுதல் என்பன பழைய வழக்குகள். தமிழ்ச் சொல் தூரிகையை நினைவூட்டுகிறது. பாளிச் சொல் எழுத்தாணியை நினைவூட்டுகிறது.

அலுவிகாரையில் வருவோர்க்கு இன்றும் ஏட்டில் எழுதிக் காட்டுவதுண்டு. தாளிப்பனையின் விரியாத இளங்குருத்தை எடுத்து, ஈர்க்கை நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, மரத்துண்டின்மேல் இழுத்து வழவழப்பாக்கி, ஒரே அளவாக நறுக்குவர். பின்னர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, வலக்கையின் எழுத்தாணியால் கீறுவர். கீறியவுடன் எழுத்துத் தெரியாது. கரியும் பிசின் எண்ணெயும் குழைத்த மையைப் பூசித் துடைத்த பின்னரே கீறல்களில் மை தங்கி எழுத்துத் தோன்றும். ஓர் ஏட்டுக்கே இத்துணை வேலை என்றால், திரிபிடகம் முழுமைக்கும் அதன் உரைக்கும் எத்தனை மரங்கள் ஏறப்பட்டிருக்கும், எத்தனை குருத்துகள் வெந்திருக்கும், எத்தனை கைகள் காய்த்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இங்குதான் இலக்கணம் நம்மை நிறுத்துகின்றது. செய்யுளில் உள்ளது ‘எழுதினர்’ என்னும் தன்வினையன்று; ‘எழுதுவித்தனர்’ என்னும் பிறவினை. சிங்களத்திலும் எழுதுதல் ‘லியனவா’, எழுதுவித்தல் ‘லியவனவா’ என இவ்வேறுபாடு வாழ்கின்றது. தமிழில் பவணந்தியார் ‘வி’, ‘பி’ என்னும் விகுதிகளால் பிறவினை அமையும் முறையை நன்னூலிற் கூறினார். மூன்றாம் வேற்றுமைக்கு உரை கண்டோர் இன்னும் நுட்பமாகச் சென்று, கருத்தாவை இரண்டாகப் பகுத்தனர். அரசன் கோயில் கட்டினான் என்னுமிடத்து அரசன் ஏவுதற் கருத்தா. தச்சன் கோயில் கட்டினான் என்னுமிடத்துத் தச்சன் இயற்றுதற் கருத்தா. வினைமுற்று ஒன்றாகவே இருக்க, அதன் பின்னால் நிற்கும் மனிதர் இருவர் என்பதை நம் இலக்கணகாரர் கண்டனர். சமூக வரலாற்றாசிரியர்க்கு இதனினும் பயனுள்ள கருவி வேறொன்று வேண்டுமோ?

பண்டைச் சாசனங்களை இக்கருவி கொண்டு நோக்கலாம். அசோகனின் சாசனங்களில் இத்தரும எழுத்து மன்னனால் எழுதுவிக்கப்பட்டது என்னும் பொருளில் ‘லேகாபிதா’ என்ற பிறவினை வடிவம் வருகின்றது. ஏவுதற் கருத்தா மன்னனே. ஆயின் கர்நாடகத்தில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜதிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களிலுள்ள சிறுபாறைச் சாசனங்களின் ஈற்றில், சபடன் என்னும் எழுத்தாளன் எழுதியது என்ற குறிப்புக் காணப்படுகின்றது. அங்கு வருவது ‘லிகித’ என்னும் தன்வினை வடிவம். சாசனம் பிராமி எழுத்தில் இருக்க, ‘எழுத்தாளன்’ என்னும் பொருள்தரும் சொல்லை மட்டும் வடமேற்கு நிலத்திற்குரிய கரோஷ்டி எழுத்தில் அவன் பொறித்துள்ளான். பேரரசனின் பிறவினைக்குக் கீழே, தன் கைத்திறனில் பெருமை கொண்ட ஒரு தொழிலாளியின் தன்வினை நிற்கின்றது.

மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிச் சாசனம் ஒன்றில், நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி பள்ளியைக் கொட்டுவித்த செய்தி உண்டு. ‘கொட்டுபித்த’ என்னும் வடிவத்தில் பிறவினை விகுதி தெளிவாக நிற்கின்றது. கொட்டியவன், அதாவது கல்லை உளிகொண்டு கொத்தியவன், யாரென்று அச்சாசனம் சொல்லவில்லை. இலங்கையில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதலாகக் கிடைக்கும் குகைச் சாசனங்களும் கொடையாளியின் பெயரையும் அவன் தந்தை பெயரையும் கூறி, நாற்றிசைச் சங்கத்துக்குக் குகையை அளிக்கின்றன; பாறையைச் செதுக்கியவரைப் பற்றி அவை வாளா இருக்கின்றன. பின்னாளைய சோழர் சாசனங்களிலோ ‘இவை இன்னான் எழுத்து’ என்று சபையோரும் கணக்கரும் தத்தம் பெயரை இட்டு முடிக்கும் வழக்கம் காணப்படுகின்றது. அங்கு ‘எழுத்து’ என்பது கையொப்பத்தையும் அதனோடு கூடிய பொறுப்பையும் குறித்தது.

அலுவிகாரையின் ஏடுகளில் எழுதியவர் தம் பெயரை எங்கேனும் குறித்திருப்பாராயின், அது நமக்குக் கிட்டும் வாய்ப்பில்லை. அவ்வேடுகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. இந்நாட்டின் வெப்பமும் ஈரமும் கறையானும் ஏட்டுக்குச் சில நூறு ஆண்டுகளே ஆயுள் தருகின்றன. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பாளிச் சுவடித் துண்டு நேபாளத்துக் காத்மண்டுவிற் கிடைத்தது; அது 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டுக்குரியது. எனவே எழுதுவித்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயலன்று. ஒவ்வொரு சில தலைமுறைக்கும் ஒருமுறை, பெயர் தெரியாத கைகள் முன்னைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் கீறிக்கொண்டே வந்தமையால்தான் இன்று திரிபிடகம் உள்ளது. பிறவினையை மன்னரும் தேரரும் ஓரிரு முறை செய்தனர்; தன்வினையைப் பெயரற்றோர் ஈராயிரம் ஆண்டு செய்து வந்தனர்.

5

வினையின் எழுவாயைத் தேடுவதனால் விளையும் மற்றொரு பயனையும் சுட்ட வேண்டும். தமிழரின் படையெடுப்பால் தருமம் அழியும் என்று அஞ்சியே மன்னன் வட்டகாமணி திரிபிடகத்தை எழுதச் செய்தான் என்றொரு விளக்கம் மக்களிடையே வழங்குகின்றது. இனப் பகைமை மிகுந்த காலங்களில் இத்தகைய விளக்கங்கள் வலுப்பெறுதல் இயல்பு. செய்யுள் யாது கூறுகின்றது? எழுதுவித்தோர் பிக்குகள், எழுவாய் பன்மை. மன்னன் ஆணையிட்டான் என்று அங்கு இல்லை. காரணமாகக் கூறப்படுவது உயிர்களின் நலிவு. தமிழர் என்னும் சொல் அங்கு இல்லை.

போரும் அந்நலிவுக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. மாதோட்டத்தில் தமிழர் எழுவர் படையுடன் வந்திறங்கியமையும், உரோகணத்துப் பிராமணதிஸ்ஸனின் கிளர்ச்சியும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்று மகாவம்சமே கூறும். ஆயின் உரைநூல்கள் மீண்டும் மீண்டும் நினைவுகூர்வது பஞ்சத்தையே. அரச ஆதரவு பற்றிய சிக்கலும் அக்காலத்தில் இருந்தது. வட்டகாமணி அபயகிரி விகாரையைக் கட்டி, தனக்கு உதவிய தேரருக்கு அளித்தான். அதனால் மகாவிகாரையினர்க்கும் அபயகிரியினர்க்குமிடையே பிளவு தோன்றியது. தலைநகரில் அன்றித் தொலைவிலுள்ள மலைநாட்டுக் குகையொன்றில் ஏடெழுதும் பணி நிகழ்ந்தது என்னும் பிற்கால மரபு, இப்பின்னணியில் பொருளுடையதாகின்றது என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

தமிழர்க்கும் பாளிக்கும் இடையே இருந்தது பகை ஒன்றே என்று கொள்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. காவிரிப்பூம்பட்டினத்துப் பள்ளியிலிருந்து பாளி நூல்கள் இயற்றிய புத்ததத்தர் தமிழ்நாட்டவர். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கூடி அமைத்த மண்டபத்தைப் பற்றிய பிராமிச் சாசனம் கிறித்துவுக்கு முற்பட்டது. இந்நிலையில் ஒரு வினைக்கு அதன் செய்யுளில் இல்லாத எழுவாயையும் இல்லாத காரணத்தையும் இட்டு வாசித்தல் இலக்கணப் பிழை. அப்பிழை இன்னொரு மக்கட் கூட்டத்தைப் பகைவராக்கும்போது அது சமூகப் பிழையுமாகின்றது.

6

அலுவிகாரைப் பாறைகளின் அடியிற் செல்லும் சாலையைத் தொடக்கத்திற் குறித்தோம். 19ஆம் நூற்றாண்டில் அது வேறொரு மக்கள் கூட்டம் நடந்து வந்த வழியாயிற்று. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்கும் அதற்கப்பாலுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் கால்நடையாக வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1848 இல் மாத்தளையில் புரன் அப்பு முதலானோர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய நாட்களில், அலுவிகாரையின் சுவடிகளும் எரிந்தழிந்தன என்பர். ஏடுகள் எரிந்த அக்காலத்திலேயே, அதே சாலையில், தம் பெயரைத் தாமே எழுத அறியாத ஆயிரக்கணக்கானோர் வந்துகொண்டிருந்தனர்.

அவர்களின் வாழ்விலும் ‘எழுது’ என்னும் வினை அரசோச்சியது. ஆயின் அதன் எழுவாயாக அவர்கள் இருந்ததில்லை. கங்காணி கடனை எழுதினான். அக்கடன் தீர்ந்தாற் கூட்டத்தை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. விடியற்காலையிற் பெரட்டுக் களத்தில் நின்றோரின் பெயரைக் கணக்கப்பிள்ளை செக்றோலிற் பதிந்தான். தோட்ட வழக்கில் ‘பேர்’ என்பது நாட்கூலியையே குறிக்கலாயிற்று. ‘பேர் போட்டாயிற்று’ என்றால் அன்றைய கூலி உண்டு. கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு மனிதரின் பெயர் பாதியாகத் தறிக்கப்படக்கூடும் என்பதை வேறு எத்தமிழ் வழக்கும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியதில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எழுத்து வடிவிலான சான்றுகளைக் கேட்டபோது, பிறர் எழுதிய ஏடுகளிலே வாழ்ந்தோரின் கையில் காட்டுவதற்குச் சான்று இருக்கவில்லை. அவ்வநீதியின் எஞ்சிய பகுதியைத் தீர்ப்பதற்கு 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் அவர்கள் வெறுங்கையராக வரவில்லை. தாலாட்டையும் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் காமன் கூத்துப் பாட்டையும் வாய்ப்பாடமாகக் கொண்டுவந்தனர். ‘ஆனேசும்’ என்னும் வினை அவர்களுக்கும் முற்றாகப் பொருந்தும். பஞ்சத்திற் புறப்பட்டு, பசியோடு நடந்து, உடலொன்றையே ஏடாகக்கொண்டு சுமந்து வந்த பாடல்கள் அவை. வழி நடந்த துன்பமும் கங்காணியின் கொடுமையும் தோட்டங்களில் அவற்றோடு சேர்ந்து புதிய பாடல்களாயின. 20ஆம் நூற்றாண்டில் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் அவற்றைத் தொகுத்து எழுத்தாக்கினர். பாடியோர் மறைந்தால் பாட்டும் மறையும் என்னும் அச்சமே அவர்களையும் தூண்டியது. உயிர்களின் நலிவைக் கண்டு, நிலைத்தற்பொருட்டு எழுதுதல் என்னும் பழைய செய்யுளின் காரணம் இங்கும் அவ்வாறே பொருந்துகின்றது. அத்தொகுதிகளிலும் பெரும்பாலான பாடல்களுக்குப் பாடியவரின் பெயர் இல்லை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். ‘கொண்டுவந்தனர்’ என்னும் வினையில் செய்தவரும் சுமந்தவரும் ஒருவரே. ஓதிய பிக்குவே பசித்திருந்தார். பாடிய பெண்ணே கொழுந்துக் கூடையைச் சுமந்தாள். ‘எழுதுவித்தனர்’ என்னும் வினை வந்ததும் ஏவியவர் வேறு, இயற்றியவர் வேறு என்றாகி, இயற்றியவர் வரலாற்றிலிருந்து நழுவி விடுகின்றார். எழுத்து நூலைக் காத்தது. எழுதிய கையைக் காக்கவில்லை. இதனால் எழுத்தைக் குறைகூறுதல் நமது நோக்கமன்று. அறுபது பிக்குகளின் மணற்குவியலைப் பற்றி நாம் அறிவதும் எழுத்தினாலேயே. எழுத்தறிவு எல்லோர்க்கும் உரியதாகி, எழுதுவிப்போரும் எழுதுவோரும் ஒருவராகும்போதே இப்பிளவு நீங்கும் என்பதே நாம் வலியுறுத்துவது.

நமது பல்கலைக்கழகங்களில் பாளி பயிலும் தமிழ் மாணாக்கர் மிகச் சிலர். தமிழ்ச் சாசனங்களைப் பயிலும் சிங்கள மாணாக்கரும் சிலரே. பாளியின் பிறவினை விகுதியையும் நன்னூலின் ‘வி’, ‘பி’ விகுதிகளையும் ஒரே வகுப்பில் ஒருங்கு வைத்துக் கற்பிக்கும் நாள் வருமாயின், இந்நாட்டின் பழைய நூல்கள் பலவற்றைப் புதிதாக வாசிக்க இயலும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய ஏடுகளிலும் சாசனங்களிலும் ‘கட்டினான்’, ‘வெட்டினான்’, ‘எழுதுவித்தான்’ என்று வருமிடந்தோறும், மொழி கற்கும் மாணாக்கரைப் போன்று, இவ்வினைக்குக் கருத்தா ஏவியவனா இயற்றியவனா என்று நின்று கேட்டல் வேண்டும். மாத்தளைச் சாலையில் நின்று அப்பாறைகளை நிமிர்ந்து நோக்குவோர் அவ்வினாவை அங்கிருந்தே தொடங்கலாம்.